ஒன்பதாம் நம்பர் மலை

மண்டபக் கதவைத் திறக்க நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஏழே முக்கால். ஊசிமலைத் தோட்டத்துப் பெண்கள் பதினொரு பேரும் எனக்கு முன்பே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய நாடகம் பிற்பகல் இரண்டரைக்குத்தான். முதல் பஸ்ஸை விட்டால் அடுத்தது வருமா வராதா என்பது நிச்சயமில்லை என்று விடியும் முன்பே புறப்பட்டிருக்கிறார்கள். எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்து, பெருநாள் பூசைக்கு உடுத்துவது போல உடுத்தியிருந்தார்கள். நாடகச் சாமான்கள் நான்கு உரப் பைகளில் இருந்தன. செபஸ்தியம்மா எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த, தடித்த விரல்கள். அந்தப் பிடியிலிருந்து என் கைகளை உருவிக்கொண்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

"ராத்திரி ஒருத்தியும் தூங்கல பாப்பா," என்றாள். "மேடையில ஏத்துறேன்னு நீ சொன்னப்ப நாங்க நம்பவே இல்ல தெரியுமா?"

நான் சிரித்து வைத்தேன். பாடசாலையில் நான் ஷிரோமி டீச்சர். பாப்பா என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் ஊசிமலையில் மட்டும்தான் இருக்கிறார்கள். அங்கே என் அப்பா, தொழிலாளர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையாக இருந்தார். நான் கணக்கப்பிள்ளை வீட்டுப் பாப்பா. செபஸ்தியம்மா எனக்குச் செபக்கா, என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கோவிலுக்குக் கூட்டிப் போனவள் அவள்தான்.

பதுளையில் ஆகஸ்ட் விடுமுறையில் மூன்று நாட்கள் நாங்கள் நடத்தும் கோடைக் கலைவிழாவுக்கு அது மூன்றாவது வருடம். முதல் இரண்டு நாட்கள் சிங்கள நிகழ்ச்சிகளும் ஓவியக் கண்காட்சியும். மூன்றாம் நாள் முழுவதும் தமிழ். அந்த நாளுக்கு நான்தான் பொறுப்பு. நகரத்து நடனப் பள்ளிகளும் பாடசாலைகளும் மட்டுமே வருகின்றன, தோட்டத்திலிருந்து யாரும் வருவதில்லை என்று போன வருடமே விழாக் குழுவில் நான் சண்டை போட்டிருந்தேன். அதனால் பெப்ரவரி மாதத்தில் ஊசிமலைக்குப் போய், அங்கே வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில், தொட்டில்களுக்கு நடுவில், இந்தப் பெண்களுக்கு இரண்டு நாள் நாடகப் பயிற்சி கொடுத்தேன். புராணக் கதை வேண்டாம், சினிமாக் கதை வேண்டாம், உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத ஒன்றை எடுத்து நாடகமாக்குங்கள் என்று சொன்னேன். "என்னத்த வேணும்னாலும் போடலாமா டீச்சர்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். "என்னத்த வேணும்னாலும் போடலாம்," என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்கு என்மேலேயே ஒரு பெருமை வந்தது. அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஜூலை தொடக்கத்தில் நாடகப் பிரதி ஒரு அப்பியாசக் கொப்பியில் வந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கிற யாரோ ஒரு மகளின் உருண்டைக் கையெழுத்து. அட்டையில் 'ஒன்பதாம் நம்பர் மலை' என்று எழுதிக் கீழே இரட்டைக் கோடு போட்டிருந்தது. தோட்டத்தில் தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டுக்கும் மலை என்றுதான் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். அந்த நம்பரைப் பார்த்ததுமே கதை என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இருபத்தொரு வருடங்களுக்கு முன்னால், இதே போலக் காய்ந்த காற்றடிக்கிற ஒரு ஜூலை மாதக் காலை. ஆட்களைக் கூட்டி வேலை கொடுக்கும் பெரட்டுக்கு முன்னால், ஆறு மணி இருக்கும், செபக்காவின் அம்மா அந்தோனியம்மா இன்னும் இரண்டு பேரோடு எங்கள் வீட்டுப் பின்கதவுக்கு வந்தார். நான் பாடசாலைச் சீருடையோடு குசினி வாங்கில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பதினான்கு வயது. "ஐயா, ஒம்பதாம் நம்பர் மலையில பாறைக்கு மேல பெரிய குளவிக்கூடு தொங்குதுங்க. நேத்தே ரெண்டு பேர கொட்டிருச்சு. இன்னைக்கு எங்களுக்கு வேற மலை குடுங்க," என்றார் அந்தோனியம்மா. அப்பா குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "குளவிக்குப் பயந்தா கொழுந்து காத்துக்கிட்டு இருக்குமா?" என்றார். அவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு போய்விட்டார்கள்.

பத்து மணிக்குக் கூடு கலைந்தது. பதினெட்டுப் பேரைக் கொட்டியது. அந்தோனியம்மா ஓடும்போது வடிகானில் விழுந்துவிட்டார். அவர்மேல் செபக்கா தன் இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்துப் போட்டு, அதற்கு மேல் தானும் குப்புறப் படுத்திருக்கிறாள். தோட்டத்து லொறியில் ஏற்றிக் கொண்டுபோகும் வழியில் அந்தோனியம்மா இறந்துபோனார். செபக்காவின் முகம் பானை மாதிரி வீங்கி, இரண்டு கண்களும் ஒரு வாரத்துக்குத் திறக்கவில்லை. அம்மாவைப் புதைத்த அன்று அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவள் அம்மாவின் முகத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு ஒரு அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடு இருப்பதைப் பற்றி வேலையாட்கள் யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்று அப்பா சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு உள்ளே போனேன். அவர் நல்ல மனிதர் போல இருந்தார். "மகள், அன்னைக்குக் காலையில வீட்டுலதானே இருந்தீங்க? யாராச்சும் வந்து இதப் பத்திச் சொன்னாங்களா?" என்று கேட்டார். முன்வாசலுக்கு வெளியே தொழிலாளர் லயத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் நின்றார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை, தட்டிலிருந்த கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லைங்க," என்றேன். ஒரு சொல்தான். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அப்பாவும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் நன்றாகப் படித்தேன், ஆங்கில ஆசிரியை ஆனேன், பதுளையில் வீடு எடுத்தேன். அப்பா ஓய்வு பெற்றதும், அம்மாவும் காலமாகிவிட்டதால், என்னோடு வந்துவிட்டார். ஊசிமலைப் பெண்கள் என்னை எங்கே கண்டாலும் பாப்பா என்று கையைப் பிடித்துப் பேசினார்கள். அன்று வாசலில் நின்றவர்களுக்கு அது கேட்டிருக்காது என்று நான் நம்பிக்கொண்டேன். அப்படி நம்பாமல் என்னால் அந்தக் கைகளைத் தொட்டிருக்க முடியாது.

கொப்பியின் நான்காம் பக்கத்தில் கணக்கப்பிள்ளை வந்தார். அப்பா சொன்ன வசனம் எழுத்துப் பிசகாமல் இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில், 'கணக்கப்பிள்ளை மகள் தேத்தண்ணித் தட்டோட வருகிறாள்' என்று அடைப்புக்குள் எழுதி, அதற்குக் கீழே அவளுடைய வசனம். இல்லைங்க.

கொப்பியை மூடி அலுமாரியில் பாடப் புத்தகங்களுக்கு அடியில் வைத்தேன். நாடகத்தை நிராகரிக்கக் காரணம் சொல்ல வேண்டும். என்ன காரணம் சொல்வது? ஒரு வாரம் கழித்து, 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பார்க்க வருகிறவர்களுக்கு யார் கணக்கப்பிள்ளை, யார் மகள் என்று எப்படித் தெரியும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அப்பா நிகழ்ச்சி நிரலைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "நம்ம தோட்டத்து ஆளுங்க வர்றாங்கன்னு ஏன் சொல்லல? நானும் வாறேன்," என்றார். நான் நாடகத்தின் பெயரைப் போடாமல் 'ஊசிமலை மகளிர் நாடகம்' என்று மட்டும் அச்சடித்திருந்தேன்.

விழாவின் மூன்றாம் நாள் எல்லாம் தாமதமாகவே நடந்தது. பிரதம விருந்தினர் ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்தார். நடனப் பள்ளிகள் பத்து நிமிடம் என்று சொல்லி இருபது நிமிடம் ஆடின. ஒலிவாங்கி இரண்டு முறை நின்றது. நான் விரட்டியிருந்தால் நேரத்தை ஓரளவு பிடித்திருக்கலாம். மற்ற வருடங்களில் திரைக்குப் பின்னால் நின்று மணியடித்து விரட்டுகிறவள் நான்தான். இந்த முறை ஒவ்வொரு நிகழ்ச்சியும் நீள நீள எனக்குள் ஏதோ இலகுவாகிக்கொண்டு வந்தது. அப்பா மூன்றாவது வரிசையில் வெள்ளை நீளக்கைச் சட்டையோடு, பொல்லைத் தொடைகளுக்கு நடுவில் ஊன்றி உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றே முக்காலுக்கு ஷப்ராஸ் என்னைத் தேடி வந்தார். நகரத்தில் மின்சாரப் பொருட்கள் விற்கிற கடைக்காரர். விழாவுக்கு ஒலியும் ஒளியும் மேடையும் அவர் பொறுப்பு. மண்டபத்தை ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு நடனம், நாடகம், பிறகு சான்றிதழ் கொடுப்பது, இவ்வளவும் மிச்சம்.

"எல்லாம் செய்யேலாது டீச்சர்," என்றார். "ஆனா நாடகத்துக்கு டைம் ஈக்கி. சேட்டிபிக்கட்ட வெளிய ஹோல் வாசல்ல வெச்சுக் குடுத்துரலாம்."

"பிரதம விருந்தினர் கையால குடுப்போம்னு பெற்றோருக்குச் சொல்லியிருக்கு."

"அவரும் நாடகம் பாக்கணும்னுதான் சொல்றார். இப்பதான் கேட்டுட்டு வாறேன். தோட்டத்துப் பொம்பளைங்க நாடகம் இதுவரைக்கும் பாத்ததில்லையாம்."

நான் திரை இடுக்கு வழியாக மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். அப்பா பக்கத்திலிருந்தவரிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் ஷப்ராஸ். நாடகத்த விட்டுருவோம்."

அவர் என்னைப் பார்த்தார். "வெள்ளன எட்டு மணியில இருந்து காத்துக்கிட்டு ஈக்கிறாங்க."

"நான் போய்ச் சொல்றேன்," என்றேன்.

மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் அவர்கள் தயாராக நின்றார்கள். முகத்தில் பவுடர், கண்ணில் மை. லூர்தம்மா என்ற குள்ளமான பெண் காற்சட்டையும் நீளக்கைச் சட்டையும் போட்டு, சட்டைக் கொலரின் பின்பக்கத்தில் ஒரு குடையைத் தொங்கவிட்டிருந்தாள். அப்பா அப்படித்தான் தொங்கவிடுவார். நான்கு பெண்கள் கறுப்புக் குடைத்துணியைக் கீலம் கீலமாகக் கிழித்துத் தோளிலிருந்து விரல்நுனி வரை தைத்திருந்தார்கள். அவர்கள்தான் குளவிகள். வாயை மூடிக்கொண்டு மூக்கால் அவர்கள் எழுப்பிய ஒலி அறைக்கு வெளியிலேயே எனக்குக் கேட்டது. மெதுவாகத் தொடங்கி, சுவரெல்லாம் அதிர்கிற மாதிரி ஏறியது. மூன்று மாதம், மலையிலிருந்து இறங்கிய பிறகு, பிள்ளைக் காம்பராவில் பழகிய ஒலி. என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள்.

"எங்க முறையா பாப்பா?" என்று செபக்கா கேட்டாள்.

"நேரம் போயிருச்சுக்கா," என்றேன். "அஞ்சு மணிக்கு ஹோலக் குடுக்கணும். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். அடுத்த வருசம் முதல் நிகழ்ச்சியாவே உங்களுக்குத் தாறேன்."

ஒரு பெண் தன் தோளிலிருந்த கறுப்புக் கீலங்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். லூர்தம்மா கொலரிலிருந்து குடையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அவர்கள் திட்டியிருந்தால், சாமானைத் தூக்கி எறிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். செபக்கா என் முதுகில் கை வைத்தாள்.

"ஏன் மூஞ்சி இப்புடிப் போச்சு? நீ என்ன பண்ணுவ, மேல உள்ளவங்க சொல்றதத்தானே செய்யணும். காலையில இருந்து ஓடிக்கிட்டே இருக்க. ஏதாச்சும் சாப்புட்டியா நீ?" பையிலிருந்து வாழையிலைப் பொதி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். ரொட்டியும் கட்டச் சம்பலும். எனக்கென்றே காலையில் எடுத்து வைத்தது.

அவர்கள் சேலைத் தலைப்பை நனைத்து முகங்களைத் துடைக்கத் தொடங்கினார்கள். நான் வெளியே போயிருக்க வேண்டும். ஆனால் ஒரு மாதமாக உள்ளே அரித்துக்கொண்டிருந்தது என்னைப் போக விடவில்லை.

"செபக்கா, அந்த மகள் வேஷம்... யாரு போட இருந்தது?"

"எந்த மக?" நெற்றியைத் துடைத்தபடியே கேட்டாள். பிறகு கை நின்றது. "ஓ, அதுவா. அத எடுத்துட்டோம் பாப்பா. கொப்பி ஒனக்கு அனுப்பின அடுத்த நாளே."

"ஏன்?"

"அந்தக் காகிதத்த அப்புடியே ஒனக்கு அனுப்பிட்டாளுவளேன்னு எனக்கு ஒரே வேதனையாப் போச்சு. அது சின்னப் புள்ள. பதினாலு வயசுல, அப்பன் பக்கத்துல நிக்கிறப்ப, வேற என்னதான் சொல்லும்? அத மேடையில கொண்டாந்து நிறுத்துறது பாவம்னு நான்தான் சொன்னேன்."

"அப்ப கணக்கப்பிள்ளை?"

"அவர எப்புடி எடுக்குறது?" என்றாள், சமையலில் உப்பைப் பற்றிக் கேட்டால் சொல்வது போல. "அவர எடுத்துட்டா எங்கம்மா எதுக்குச் சாகுது?"

அந்த அறைக்கும் ஷப்ராஸ் நின்ற இடத்துக்கும் பதினைந்து அடி தூரம்கூட இல்லை. அப்போது மணி மூன்று ஐம்பத்தைந்து. நான் ஓடிப் போய், தவறு நடந்துவிட்டது, நாடகத்தைப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் பவுடரை மறுபடி பூச ஐந்து நிமிடம் போதும். என்னை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தபோது முதலில் எனக்கு வந்தது ஆறுதல்தான். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்கும் பிறகு, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த வெள்ளைச் சட்டை. நான் பொதியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேடையில் நடனத்துக்குப் பாட்டுத் தொடங்கியது.

விழா முடிந்தது. சான்றிதழ்கள் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், நன்றியுரையில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு முச்சக்கரவண்டி பிடிக்க வெளியே வந்தபோது அவர் நின்றுவிட்டார்.

"நம்ம தோட்டத்து நாடகம் எங்க?"

"நேரம் போதல அப்பா."

"அவ்வளவு தூரத்துல இருந்து வந்தவங்க. பாக்காம போறதா? பஸ் ஸ்டாண்டுலதான் நிப்பாங்க. வா."

களைப்பாக இருக்கிறது, வெயில் தணியவில்லை, இன்னொரு நாள் தோட்டத்துக்கே போய்ப் பார்க்கலாம் என்று என்னென்னவோ சொன்னேன். பாதிதான் கேட்டிருக்கும், அவருக்கு இடது காது கேட்காது, நான் இடது பக்கம்தான் நின்றேன். எழுபத்திரண்டு வயதிலும் எனக்கு முன்னால் நடந்தார்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகிற பஸ்கள் நிற்கும் இடத்தில் அவர்கள் உரப் பைகளை நடுவில் குவித்து, சுற்றி நின்றார்கள். அப்பாவைக் கண்டதும் வாங்கில் இருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். லூர்தம்மா இன்னும் காற்சட்டையை மாற்றவில்லை. அதற்கு மேல் சேலையைச் சுற்றியிருந்தாள்.

"என்ன செபஸ்தி, நல்லாருக்கியா? நாடகத்தப் பாக்கலாம்னு வந்தா போடாம போறீங்க?"

"நேரம் இல்லீங்க ஐயா," என்றாள் செபக்கா.

"என்ன நாடகம்?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். செபக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"குளவி கொட்டுன கதைங்க," என்றாள் அவள்.

அப்பா பொல்லை இரண்டு கைகளாலும் பிடித்து ஊன்றிக்கொண்டார். "ஒம்பதாம் நம்பர் மலையா?"

"ஆமாங்க."

"அதுல நான் இருக்கனா?"

"இருக்கீங்க."

"யாரு போட்டது என் வேஷத்த?"

லூர்தம்மா பின்னால் ஒதுங்கப் பார்த்தாள். ஆனால் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அப்பா அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். காற்சட்டை, கையிலிருந்த குடை. "என்ன சொல்லுவேன் நான்?" என்று கேட்டார்.

"அப்பா, வீட்டுக்குப் போகலாம்," என்றேன். அவர் கையை என்னிடமிருந்து விடுவித்துக்கொண்டார்.

லூர்தம்மா தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தாள்.

"சத்தமாச் சொல்லு. எனக்கு இந்தக் காது கேக்காது."

அவள் செபக்காவைப் பார்த்தாள். செபக்கா மெல்லத் தலையசைத்தாள். லூர்தம்மா நிமிர்ந்தாள். மூன்று மாதம் பழகிய குரல் அவளை அறியாமலே வந்துவிட்டது. "குளவிக்குப் பயந்தா கொழுந்து காத்துக்கிட்டு இருக்குமா?" கடலை விற்கிறவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த வரிசையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பாவின் வலது கை சட்டைப் பொத்தானைத் தேடியது. ஏற்கனவே போட்டிருந்த பொத்தானையே மறுபடி மறுபடி போடப் பார்த்தது.

"ஆமா," என்றார். "அப்புடித்தான் சொன்னேன்."

அவர் செபக்காவின் பக்கம் திரும்பினார். "ஒங்கம்மா வந்து எங்கிட்டச் சொல்லிச்சு செபஸ்தி. எங்கிட்ட யாருமே சொல்லலன்னு நான் கையெழுத்து வச்சேன்."

"தெரியுங்க ஐயா," என்றாள் செபக்கா. அவள் குரலில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. ஒரு நீளமான வேலை முடிந்து கூடையை இறக்கி வைக்கிறவளைப் போல மூச்சு விட்டாள். அப்பா உட்கார இடம் தேடினார். இரண்டு பெண்கள் அவரைப் பிடித்து வாங்கில் உட்கார வைத்தார்கள். ஒருத்தி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தாள். அவர் அதை வாங்கிக் குடித்தார்.

இருபத்தொரு வருடமாக நான் யாரைக் காப்பாற்றி வந்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. பத்து நிமிடத்துக்கு முன்னால்கூட, இந்த மனிதருக்கு இந்த வசனம் கேட்கக் கூடாது என்பதற்காகப் பதினொரு பேருடைய மூன்று மாத உழைப்பைத் திரைக்குப் பின்னால் வைத்துப் பூட்டியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டார், ஒப்புக்கொண்டார், தண்ணீர் குடித்தார். ஒப்புக்கொள்ளாமல் மிச்சம் நின்றவள் நான் ஒருத்திதான்.

செபக்கா என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனாள். "நாடகம் போடாததும் ஒரு வகையில நல்லதுதான் பாப்பா," என்றாள் தாழ்ந்த குரலில். "ஐயா முன்னுக்கு ஒக்காந்திருப்பாருன்னு எங்களுக்குத் தெரியாது. அத்தன சனத்துக்கு நடுவுல அவருக்கு எவ்வளவு சங்கடமாப் போயிருக்கும். நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காத."

அந்த ஆறுதலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நேரம் இருந்துச்சுக்கா," என்றேன்.

"என்ன?"

"நாடகம் போட நேரம் இருந்துச்சு. ஷப்ராஸ் போடலாம்னுதான் சொன்னார். வந்த பெரியவரும் பாக்கணும்னு சொன்னார். நான்தான் வேணாம்னேன். யாரும் எனக்குச் சொல்லல. நானேதான் சொன்னேன்."

அவள் முகத்தில் முதலில் எதுவும் மாறவில்லை. நான் சொன்னது வந்து சேர நேரமெடுத்தது போல நின்றாள். பிறகு திரும்பி அந்த உரப் பைகளைப் பார்த்தாள். அவற்றைச் சுற்றி நின்ற பத்துப் பேரையும் பார்த்தாள். அவர்களில் ஒருத்தியின் காதோரத்தில் பவுடர் இன்னும் வெள்ளையாகத் திட்டுப் போட்டிருந்தது.

"ஐயாவுக்காகவா?"

"அவருக்காகவும்தான்."

செபக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடிக்கவில்லை.

"இப்ப ஒனக்கு எத்தன வயசு பாப்பா?" என்று கேட்டாள்.

"முப்பத்தஞ்சு."

"முப்பத்தஞ்சு," என்று திருப்பிச் சொன்னாள், மெதுவாக.

பஸ் வந்து ஒரு புழுதிச் சுருளோடு நின்றது. "ஏறுங்கடி," என்றாள் செபக்கா. பெண்கள் அப்பாவிடம் போய்வருகிறோம் என்றார்கள். என்னிடமும் சொன்னார்கள், அவர்களுக்கு இன்னும் தெரியாது. "அடுத்த வருசம் பாப்போம் டீச்சர்," என்று லூர்தம்மா கையை ஆட்டினாள். பைகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிக் கொடுத்தார்கள். செபக்கா கடைசியாக ஏறினாள். யன்னலோரம் உட்கார்ந்தாள், நான் நின்ற பக்கம்தான். நான் கிட்டப் போனேன். அவளைக் கூப்பிட என்ன சொல் இருக்கிறது என்று தேடினேன். வாய்வரை வந்த அக்கா என்ற சொல் அங்கேயே நின்றுவிட்டது.

எஞ்சின் உறுமியது. அவள் எதிரே பார்த்தபடி கையை உயர்த்தி யன்னல் கண்ணாடியை இழுத்தாள். அது நகரவில்லை. பின் சீட்டிலிருந்த பெண் எழும்பி இரண்டு கையாலும் தள்ளிக் கொடுத்தாள். கண்ணாடி கிறீச்சிட்டு வந்து, பாதியில் இறுகி நின்றுகொண்டது. புழுதியைத் தடுக்க இழுத்தாளா, என்னைத் தடுக்க இழுத்தாளா தெரியவில்லை. பஸ் நகர்ந்தது. அவள் முகத்தின் ஒரு பாதி அழுக்குக் கண்ணாடிக்கு அப்பால் மங்கலாகவும், மறு பாதி காற்றில் வெளியாகவும் இருந்தது. அவளுடைய விரல்கள் கண்ணாடியின் விளிம்பை விடாமல் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தன.